பெரிய டிஸ்ப்ளே

“இருக்கிற டேப்லெட்டுக்கு இப்ப என்ன கேடு வந்துச்சு?”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவர் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல்.

“டிஸ்ப்ளே சரியில்லைங்க. மங்கலா இருக்கு” என்றாள் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவள். இதற்கெல்லாம் பதறுவாளா?

கடைக்காரர் நல்ல மனிதர். “மேடம், நீங்க படம் வரைவீங்களா?”

“இல்லை.”

“போட்டோ, வீடியோ எடிட் பண்ணுவீங்களா?”

“அதெல்லாம் எனக்கு வராது.”

“அப்ப இந்த மாடல் எதுக்கு மேடம்? வீட்டுக்கு உங்க பழசே தாராளம்.”

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். “விக்கிறவரே சொல்லிட்டார். கிளம்பு.”

“எனக்கு இதுதான் வேணும். பெருசா, பளிச்சுன்னு இருக்கு. சாவகாசமா உட்கார்ந்து சினிமா பார்ப்பேன்.”

“உனக்கு சினிமா பார்க்க நேரம் ஏது?”

“இனிமே வரும்.”

அவள் போனஸ், அவள் இஷ்டம். வாத்தியார் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“என்னடா அது பெட்டி?”

“உங்க மருமகளுக்கு டேப்லெட்!”

“மாத்திரையா? இவ்வளவு பெரிய டப்பாவிலயா?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாத்தியார் சிரிக்கவில்லை.

அவர் நினைத்தபடியேதான் ஆயிற்று. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், தூங்கினாள். ஒரு சினிமா பார்க்கவில்லை. புது டேப்லெட் சாப்பாட்டு மேஜையில் ஸ்டாண்டில் சாய்ந்து சும்மா நின்றது.

“அழகுக்கு வாங்கி வச்சிருக்கியா?”

“பார்க்கலாம், அவசரம் என்ன?”

வாத்தியாருக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கை போன மாதம் அவருக்கு போன் பண்ணி அழுதிருந்தாள். கல்யாணம் ஆகியும் வீட்டில் அவளுக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர்.

“அண்ணா, அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்? எனக்கு வேலை போயிடுச்சுன்னு சொல்றேன். ‘ரொம்ப சந்தோஷம்மா’ன்னு சொல்லிட்டு டேப்லெட்டை அண்ணி கையில குடுத்துட்டார்.”

கேட்டதற்கு அப்பா எரிந்து விழுந்தார். “நான் எப்பவும் போலத்தான் பேசறேன். அவதான் இல்லாததைச் சொல்றா.”

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பாப்பாவின் வீடியோ கால் வந்தது. “மாமா, இன்னிக்கு என் புதுசுல பேசுங்க” என்று அப்பாவை மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டு மனைவி சமையலறைக்குப் போனாள்.

வாத்தியார் பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ரெண்டு வார்த்தையில் முடிகிற பேச்சு அன்றைக்கு முடியவே இல்லை.

“அப்படியா சொன்னான் அந்த மேனேஜர்? அட, விட்டுத் தள்ளும்மா... இண்டர்வியூ எப்போ?... என்னது, மாப்பிள்ளை தோசைக்கல்லைக் கருக்கிட்டாரா?”

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாத்தியார் பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தார். மேஜையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. பாப்பாவின் குரலே கேட்கவில்லை!

நேராகச் சமையலறைக்குப் போனார். “அவ்வளவு விலை குடுத்தியே, பார்த்தியா லட்சணத்தை? ஸ்பீக்கர் போச்சு. சத்தமே வரலை.”

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. நேத்து நீங்க தாள் திருத்தும்போது டிங் டிங்னு அடிச்சுதேன்னு சத்தத்தை அணைச்சேன். திரும்ப வைக்க மறந்துட்டேன்.”

“சத்தம் இல்லாமலா அப்பா பேசிட்டிருக்கார்?”

அவள் அடுப்பைத் தணித்தாள். “பின்னாடி நின்னு கூப்பிட்டா மாமா திரும்பறதே இல்லைங்க. எதிர்ல நின்னு பேசினா டக்குனு பதில் சொல்வார். உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறார். பழசுல பாப்பா முகமே சரியாத் தெரியாது. குத்துமதிப்பா எதையோ சொல்லிட்டு என் கையில குடுத்துடுவார்.”

“எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“உங்க குரல் அப்படி. அது யாருக்குத்தான் கேட்காது?”

“டாக்டர்கிட்ட...”

“கேட்டுப் பார்த்தேன். ‘என் காதுக்கு என்ன?’ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். நானே பேசி அழைச்சிட்டுப் போறேன், வருவார். உங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே அவர் காதுல போய் கத்தியிருப்பீங்க. மனுஷன் கூசிப் போயிருப்பார்.”

வாத்தியார் ஹாலை எட்டிப் பார்த்தார்.

“டேய், பாப்பா உன்னைக் கேட்கறா!” ஹாலிலிருந்து அப்பா.

வாத்தியார் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“உங்க மருமகளுக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய டேப்லெட்? வெட்டிச் செலவு!”

“போடா, அவ ஏதோ ஆசைப்பட்டு வாங்கிட்டா” என்றார் அப்பா. “ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குக் குடுத்தா போதும்.”