மாமியாருக்கு இஸ்

"மை மதர்-இன்-லா..." என்று தொடங்கினாள் செண்பகம். அத்தோடு நாக்கு நின்றுவிட்டது.

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கேட்டது சுலபமான கேள்விதான். வேலைக்கு வந்தால் உங்கள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பார்த்துக்கொள்கிறவள் வெளியே வராந்தா பெஞ்சில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு வேறு திறந்து கிடந்தது.

ஒருவர் என்றால் இஸ். பலர் என்றால் ஆர். கோவில்பட்டியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிற எல்லோருக்கும் முதல் வாரமே இது தெரிந்துவிடும். அவளுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு இஸ் போடுவாள். பூனைக்குப் போடுவாள். தம்பிக்குத் தாராளமாகப் போடுவாள்.

மாமியாருக்கு மட்டும் ஆர்தான் வரும்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. மாமியாராவது மாமனாராவது, வந்தாள், போனான் என்று எழுதிக்கொண்டே போவான். அவனா அந்த வீட்டில் குடித்தனம் நடத்துகிறான்?

"செண்பகம், ஒனக்கு எத்தன மாமியார்?" என்று வகுப்பில் டீச்சர் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் இன்னொரு பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. நீங்கள் பேசுவதைத்தானே சின்னப் பிள்ளைகள் படிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாலர் வகுப்பு டீச்சர் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஆசைப்பட்ட வேலை.

அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று அழுதபோது மாமியார் என்ன ஏது என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"இஸ்னா 'வந்தா' மாதிரி அத்தே. ஆர்னா 'வந்தாக' மாதிரி. ஒங்களுக்கு இஸ் போட எனக்கு வாய் வரல."

மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. அவரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கோபமா வருத்தமா, ஒரு மண்ணும் புரியவில்லை.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள்.

வருவது வரட்டும். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மை மதர்-இன்-லா இஸ் லுக்கிங் ஆஃப்டர் ஹெர்."

பயத்தில் குரல் ஓங்கிவிட்டது. வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

தலைமையாசிரியை இன்னும் ஏதேதோ கேட்டாள். பிறகு சிரித்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னாள்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெஞ்சைப் பார்த்ததும் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

"வேல கெடச்சிருச்சு அத்தே. ஒங்களுக்கு இஸ் போட்டுட்டேன்."

"கேட்டுச்சு."

மாமியார் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிறுத்தத்தில் ஒரு ஈ காக்காய் கிடையாது. இருந்தும் மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஒங்க மாமாவுக்கும் அதேதானா?"

"யாரா இருந்தாலும் அதேதான் அத்தே. கலெக்டரா இருந்தாலும் இஸ்தான்."

மாமியார் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறவள். அவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அவர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் 'அவுக' என்று குரலை இறக்கிக்கொள்கிறவள்.

"புருசனுக்கு அதுல எப்படிச் சொல்லணும்?"

"மை ஹஸ்பண்ட்."

"மை அஸ்பெண்டு" என்றாள் மாமியார். நிறுத்தினாள். எச்சிலை விழுங்கினாள்.

"இஸ்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பேத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலே கெக்கலித்தது.

அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க மருமகள் வாயைத் திறந்தாள்.

"அது போதும்த்தா" என்றாள் மாமியார். "அதையே இன்னொரு வாட்டி சொல்லிக்கிடுதேன்."