கிட்டத்து முள்

குருசுக்குப்பம் கரையில் நின்று வடிவேல் துண்டை உதறி ஆட்டினான். மீன் கூட்டம் வடக்கே போகிறது என்று கட்டுமரக்காரர்களுக்குச் சைகை. உதறியதில் துண்டின் மடிப்பிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி மணலில் விழுந்தது.

மீன் கூடையோடு நின்ற அவன் பெண்சாதி அன்னக்கிளிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. இது ஏது?

"என்னடா இது?" கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார் வலைக்குச் சொந்தக்காரர் சுப்பிரமணியன். "கரையில நின்னு மீன் பாத்துச் சொல்றவனுக்கே கண்ணு போச்சா?"

"வெள்ளக்காரன் போயி மூணு வருசமாச்சு. இவன் இப்பத்தான் துரையாவுறான்!" என்றது ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்னக்கிளி கூடையை இறக்கி வைத்தாள். கண்ணாடி போட்டவன் குருடன் என்பது குப்பத்துக் கணக்கு. நாளைக்கே வேறொருவனை இங்கே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?

"அதோ தூரத்துல ஒரு கட்டுமரம் வருதே, அதுல கட்டியிருக்கிற பாயி யாருது? சொல்லு பாப்போம்" என்றார் சுப்பிரமணியன்.

கண்ணாடி இல்லாமலே பார்த்தான் வடிவேல். "லெயோனுது. கீழ் மூலையில கறுப்பா ஒட்டு போட்டிருக்கு."

அரை மணியில் அந்தக் கட்டுமரம் கரையேறியது. பாயில் கறுப்பு ஒட்டு இருந்தது.

சுப்பிரமணியன் மண்டையைச் சொறிந்தார். "கண்ணு கழுகாட்டம் இருக்கு. அப்புறம் கண்ணாடி எதுக்குடா?"

"தூரம் நல்லாத் தெரியுது மாமா. கிட்டத்துலதான் மங்குது. வயசானா அப்பிடித்தானாம், டாக்டர் சொன்னாரு."

"கிட்டத்துல உனக்கு என்னடா வேல? மீனு கடல்லல்ல இருக்கு?"

வடிவேல் துண்டை மடிக்கத் தொடங்கினான். அன்னக்கிளிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்கிட்டகூட மூச்சு வுடல மாமா. ஒரு வருசமா இந்த மனுசனுக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேன். முன்னெல்லாம் கையில கெளுத்தி முள்ளு ஏறினா இவருதான் எடுப்பாரு. இப்ப 'பக்கத்து வூட்டு வீராயிகிட்ட போ'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு!"

காலையில் முள் ஏறி வீங்கிய விரலை எல்லோருக்கும் காட்டினாள்.

வடிவேல் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டான். ஊரே பார்க்க அவள் கையைப் பிடித்தான். அவள் தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கை எடுத்து ஒரே நெம்பு. முள் வெளியே வந்துவிட்டது.

"போன சித்திரையில முள்ளுன்னு நெனச்சு உன் சதையக் குத்திக் கிழிச்சேன். வலிக்கலன்னு நீ சிரிச்ச. அன்னியிலேர்ந்து உன் கையத் தொடவே பயமா இருந்துச்சுடி."