அடியில் தங்கிய காற்று

முள் பூஜ்யத்தில் கிடந்தது.

நேற்று மாலைதான் புதுக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டியிருந்தான். ஒரே இரவில் காலி.

அவன் கராஜில் நின்றுகொண்டிருந்தான். எதிரே, மேலிருந்து திறக்கிற பெரிய ஃப்ரீசர் பெட்டி. அதற்குள் மூன்று எஃகுப் பீப்பாய்கள். வீட்டிலேயே காய்ச்சிய கறுப்பு பீர். கோடையில் அடைத்து, பதமாகட்டும் என்று குளிர்காலம் வரை தொடாமல் விட்டிருந்தான். இனி வாயுவை ஏற்றுவதுதான் பாக்கி. குளிரில் வைத்துக் குழாயை மாட்டிவிட்டால், பீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளும். பிறகுதான் நுரை.

குடிக்கவில்லை. எங்கோ கசிந்திருக்கிறது.

மூடியைத் திறந்து குனிந்தான். முதல் பீப்பாயின் ரப்பர் வளையத்தை விரலால் தடவினான். சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. மூன்றாவது பீப்பாய் உள்மூலையில் தாழ்ந்து இருந்தது. வயிற்றை விளிம்பில் அழுத்திக்கொண்டு இன்னும் குனிந்தான்.

வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. இங்கேதான்.

மூக்கில் சுருக்கென்றது. சோடாவை அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அந்தச் சுருக்.

கசிந்த வாயு எங்கும் போய்விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது காற்றைவிடக் கனம். இரவெல்லாம் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போலத் தேங்கிக் கிடக்கிறது.

அவன் தலை அதற்குள் இருந்தது.

நிமிர நினைத்தான்.

கால்கள் தரையை விட்டு எழும்பியது மட்டும் தெரிந்தது.


கண் விழித்தபோது சிமெண்ட் தரையில் கிடந்தான்.

பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. பிடியை விடவில்லை.

மருதாசலத்தை மகள் பூங்கொடி தாராபுரத்திலிருந்து மெல்போர்னுக்குக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். வந்த பிறகு ஒவ்வொன்றாக மறந்துபோனார். முதலில் பெயர்கள். அப்புறம் ஊர். கடைசியில் நடப்பதும் மறந்தது. கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் தாங்க வேண்டும். காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால், “யாருங்க தம்பி?” என்று மரியாதையாகக் கேட்பார்.

இப்போது அவன் முகத்தைப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா மாப்ள?”

எழுந்து உட்கார முயன்றான். தலை பிளந்தது.

“காத்து கெட்டுக் கெடக்கற கெணத்துல இப்படித் தலைய உடலாமுங்களா?”

கிணறு.

இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. பூங்கொடியின் அண்ணன் சென்னியப்பன் மோட்டாரைச் சரிபார்க்கக் கிணற்றில் இறங்கியவன். அடியில் கெட்ட காற்று. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மருதாசலம். இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரியும் வரைக்கும் இழுத்தார். மகன் உயிரோடு மேலே வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு பூங்கொடி இதை அவனிடம் ஒரு முறை சொன்னாள். அதோடு சரி.


அவள் வேலையிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னான்.

முதலில் திட்டினாள். “பீரு பீருன்னு ஒருநா அதுக்குள்ளயே கெடந்து செத்திருப்பீங்க.” அப்புறம் அவன் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதாள். அழுகை அடங்கிய பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தார். தன் கையால். யாரும் ஊட்டவில்லை.

“கராஜு வரைக்கும் எப்படிப்பா போனீங்க?”

“நடந்துதான்.”

“இவரு என்ன கனம் கனக்கறாரு! தனியாவா தூக்குனீங்க?”

அவளுக்கு இது கூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தார்.

“தனியா எங்க கண்ணு தூக்கறது? நான் மேல நின்னு இழுத்தேன்.”

ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

“நம்ம சென்னிதான் கீழ இருந்து தூக்கி உட்டான்.”

மறுபடியும் தட்டில் சோற்றை அளைந்தார்.

பூங்கொடி எழுந்தாள். எங்கே போகிறாள் என்று புரிந்ததும் அவன் பின்னாலேயே ஓடினான்.

பெட்டி திறந்தபடியே இருந்தது. பீப்பாய்கள் மீது மெல்லிய பனி பூத்திருந்தது. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்துவிடாமல் அவள் தோளைப் பற்றிக்கொண்டான்.

“அண்ணா.”

எஃகில் பட்டு அவள் குரல் வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்தது.

“மேல வாண்ணா. அப்பா சாப்புட்டுட்டு இருக்காரு.”

அங்கே ஒன்றுமில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கவும் செய்தான். ஆனால் விலாவின் இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு, அவனுக்கு இன்னும் குளிர் விடவில்லை.

அவளை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினான். சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினான். கராஜின் பெரிய கதவு முனகிக்கொண்டே மேலே ஏறியது. மாலை வெயில் தரையில் நீண்டு பெட்டிவரை வந்தது.

இருவரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.