ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றாள் கெய்னர்.

"இதுக்கு மேல தூக்கணும்னா ஏணி வேணும். இல்லன்னா வேற ஆள் வேணும்" என்றார் அவர், வெளியிலிருந்து.

கெய்னர் கேரவனுக்குள் மெத்தை மேல் முட்டி போட்டிருந்தாள். எதிரே, ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், புல்தரையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அவர் நின்றிருந்தார். இரண்டு கையிலும் ஜன்னல்.

பார்க்கத்தான் கண்ணாடி. உண்மையில் இரண்டு அடுக்கு அக்ரிலிக். கேரவனைக் காரின் பின்னால் கட்டி இழுத்து வரும்போது, காலையில் நெடுஞ்சாலையில் கழன்று பறந்துபோய் விழுந்தது. கீழ் மூலையில் விரிசல். ஒரு கொக்கி ஒடிந்திருந்தது. மற்றபடி பிழைத்துக்கொண்டது.

கிரிக்கியத் ஊர்க் கடற்கரையில், கடலுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. மழைக்கு முன்னால் ஜன்னல் ஏறியாக வேண்டும். மெத்தை நனைந்தால் விடுமுறை அவ்வளவுதான்; வந்த வழியே ரெக்சமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். திரும்பிப்போய் மகள் முன்னால் நிற்பதை நினைத்தாலே கெய்னருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விரிசல் மேலே ஓடாமலிருக்க, அதன் நுனியில் அவளே ட்ரில்லால் பொடித் துளை ஒன்று போட்டிருந்தாள். அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை.

"அழுத்தாதீங்க. பொளந்துக்கும்."

"ட்ரில் என் கையில இருக்கு. வாய் மட்டும்தான் உங்ககிட்ட."

பிளக்கவில்லை. விரிசலுக்குள் பசையை ஓடவிட்டு, மேலே டேப்பை ஒட்டி, காயும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி ஜன்னலின் மேல்விளிம்பை, கேரவன் சுவரில் நீளப் பள்ளமாக ஓடும் அலுமினியக் காடிக்குள் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு போக, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக் காடி முழுக்கத் தடவினாள். ஜன்னல் பாதி தூரம் போனது. நின்றுவிட்டது.

"தாழ்ப்பாளைப் போட்டிருந்தா இந்த வேலையே வந்திருக்காது" என்றார்.

"போட்டிருந்தேன்."

"போட்ட தாழ்ப்பாளோடவா பறந்துச்சு?"

"விழுந்ததால கொக்கி ஒடிஞ்சுதா, கொக்கி ஒடிஞ்சதால விழுந்துச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் ஒடிந்த கொக்கியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கெய்னருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

பக்கத்துக் கேரவனிலிருந்து ஓர் அம்மாள் தட்டோடு வந்தாள். பெயர் மெனா என்றாள். தட்டில் கல்லில் சுட்ட கேக்குகள், திராட்சை போட்டு, சூடு ஆறாமல். வாளி மேல் நின்றவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓட்டை வழியாகக் கெய்னரிடம் சொன்னாள்:

"கொடுத்துவச்சவங்க நீங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, வாளியைக் கவுத்துப் போட்டா அது மேல உக்காந்து பேப்பர் படிக்கும்."

கெய்னர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஜன்னல் சரக்கென்று நகர்ந்தது.

இவள் உள்ளேயிருந்து பாய்ந்து பிடித்தாள். அங்கே வாளி உருண்டது. மனிதர் ஒரு காலில் தடுமாறினார். ஆனால் பிடியை விடவில்லை. ஜன்னல் காடிக்குள் கடைசிவரை போய், கச்சிதமாக உட்கார்ந்தது.

மெனா கைதட்டிவிட்டு, தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கெய்னர் ஜன்னலைத் தாங்கும் கம்பிகள் இரண்டையும் திருகிப் பொருத்தினாள். டப்பாவில் கிடந்த உபரிக் கொக்கியை மாட்டினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டாள்.

மழை வந்தது. தூறலாக ஆரம்பிக்காமல், எடுத்த எடுப்பிலேயே கொட்டியது.

"ஒழுகுதா?" என்று வெளியே இருந்து கத்தினார். உள்ளே வரவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் கொட்டும் மழையில் நின்று, கேக் தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஜன்னலின் ரப்பர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விரலால் விளிம்பு முழுக்கத் தடவினாள். சொட்டு இல்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மகள் ஷோனெட்.

"போய்ச் சேந்துட்டியாம்மா? தனியா அந்த வண்டியை இழுத்துட்டுப் போகாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"சேந்துட்டேன். ஒரு கஷ்டமும் இல்ல."

"அப்ப டீ கிடைக்குமா?" என்று ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது.

"யாரும்மா அது? ஆம்பளைக் குரல் கேக்குது."

என்னவென்று சொல்வது?

காலையில் கான்வி ஊரைத் தாண்டியதும் பின்னால் வந்த ஒரு கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. அவள் ஓரம் கட்டினாள். காரிலிருந்து இறங்கியவர், "உங்க ஜன்னல் என் கார் மேலயே விழப் பாத்துச்சு" என்று கத்தினார். அவளும் திருப்பிக் கத்தினாள். அவர் மூச்சு வாங்கத் திரும்பிப் போய், வேலியோரப் புதரிலிருந்து ஜன்னலைத் தூக்கிவந்தார். "இதை நீங்க ஒழுங்கா மாட்டுறதைக் கண்ணால பாக்காம வீட்டுக்குப் போகமாட்டேன். நாளைக்கு வேற எவன் தலையிலாவது விழும்" என்று சொல்லி, அதைத் தன் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பின்னாலேயே வந்துவிட்டார். எங்கே போகக் கிளம்பியவரோ.

கெய்னர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். தாழ்ப்பாளை எடுத்து, ஜன்னலை ஒரு சாண் தள்ளித் திறந்தாள்.

"உங்க பேரு என்ன?"

தாடியில் மழை சொட்ட, வாயிலிருந்த கேக்கை மென்று விழுங்கினார்.

"எம்லின். டீக்கு ரெண்டு சர்க்கரை."