முதலாளி வாங்கிய அடி

மூளைக்கார முதலாளி, தானே செய்த இரும்புக் கவசத்தில் வந்து நின்று, தெருவையே கொளுத்தப்போவதாக மிரட்டினார். பறக்கும் வீரன் பருந்து, குடியிருந்தவர்களை ஒருவர் விடாமல் தூக்கிப்போய் அப்பால் சேர்த்துவிட்டு அவர்மேல் பாய்ந்தான்.

முதல் குத்திலேயே கவசம் நசுங்கியது. முதலாளி சுவரைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்தார்.

“இவ்வளவுதானா தம்பி?” ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

பருந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலைப் பிடித்துச் சுழற்றி, வீடு வீடாக அவரை வீசினான். பல் தெறித்தது. விலா நொறுங்கியது. கடைசி வீடும் சரிந்தது.

புழுதிக்குள் மேனேஜர் ஓடிவந்தார். “ஐயா, உசிர் இருக்கா?”

“அத விடுய்யா. நாம கோர்ட்டுக்குப் போயும் இந்தத் தெருக்காரங்க காலி பண்ண மாட்டேன்னாங்களே, இப்ப ஒரு சுவராவது நிக்குதா?”

“இல்லைங்க.”

“அப்ப ஷாப்பிங் மால் கட்டுற வேலைய ஆரம்பி. இடிச்சுக் குடுத்த தம்பிக்கு ஒரு கும்பிடு போடு.”