அடையாளம் காண இயலாத படம்

‘இந்தப் படத்தை அடையாளம் காண இயலவில்லை’ என்று மடிக்கணினி மறுபடியும் ஆங்கிலத்தில் கைவிரித்தது.

பெரம்பலூரில், பிரசவ வார்டுக்கு வெளியே மாடிப்படியில் அமர்ந்து, அறிவரசன் அதே கட்டளையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மீண்டும் தட்டினான். பிழையில்லாத கட்டளைக்கும் பிழையே விடையாக வந்தது.

உள்ளே அவன் மனைவி பானுப்ரியா அறுவை முடிந்து படுத்திருந்தாள். மயக்கத்தில் பெற்றவள், பெற்ற மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கண் விழித்ததிலிருந்து அவள் கேட்டது ஒன்றைத்தான். மூக்கு யாருடைய மூக்கு?

அவன் பார்த்திருந்தான். பார்த்ததைச் சொல்லத்தான் சொல் அமையவில்லை. படம் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். முகத்தைப் பார்க்காமல் ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காது என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருந்தது ஒரே ஒரு படம். கவிதா என்னும் செவிலி, மனம் இளகித் தன் ஐபோனில் எடுத்தது. வார்டில் படம் எடுத்தது தெரிந்தால் வேலைக்கு வம்பு என்று, அனுப்பிய கையோடு தன்னிடம் இருந்ததை அடியோடு அழித்தும் விட்டாள்.

வந்து சேர்ந்த கோப்பு ஐபோனுக்கே உரிய வடிவத்தில் இருந்தது. அவனுடைய பழைய கைப்பேசி அதைத் திறக்கவில்லை. மடிக்கணினியும் திறக்கவில்லை. அதை எல்லாரும் பார்க்கும் சாதாரணப் படமாக மாற்ற, அதற்கென்று இருக்கும் லைப்ரரி என்னும் நிரல்தொகுப்பு ஒன்றை நிறுவியாக வேண்டும்.

பூலாம்பாடியில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுபவனுக்கு அது பெரிய வித்தையன்று. பிறருக்கு எத்தனையோ முறை செய்து கொடுத்திருக்கிறான். தனக்கென்று வந்தபோது அத்தனையும் காலை வாரின.

நிறுவச் சொன்னால், அதற்கு அடியில் இருக்க வேண்டிய வேறொன்று இல்லை என்றது. அதைக் கொண்டுவந்து வைத்தால், பைத்தான் என்னும் நிரல்மொழி பழையது என்றது. பைத்தானைப் புதுப்பித்தால், முன்பு வைத்தது இதற்குப் பொருந்தாது என்றது. நுனியைப் பிடித்து இழுக்க இழுக்கச் சிக்கு இறுகியது.

கைப்பேசியிலிருந்து கடன் வாங்கிய இணையமோ, மேட்டில் ஏறும் மாட்டுவண்டியாய் நின்று நின்று வந்தது.

வேறு வழி தெரியாமல், உடன் வேலை பார்க்கும் ஜான் பீட்டரை அழைத்தான். அவன் சென்னையில் இருந்தான், இங்கே நடந்தது எதுவும் அறியாதவன்.

“ஒரு போட்டோவுக்குப் போயி ஏன்டா மல்லுக்கட்டுற? ஏதாவது வெப்சைட்ல ஏத்து, அதுவே மாத்திக் குடுத்துட்டுப் போவுது.”

“வேணாண்டா. ஊரு பேரு தெரியாதவன் எடத்துல எம்புள்ள போட்டோவ ஏத்த மாட்டேன்.”

“ஆமா, கண்ணு பட்டுரும். சாயங்காலம் மொளகா சுத்திப் போட்டுக்க,” என்று ஜான் பீட்டர் சிரித்தான்.

அறிவரசன் இணைப்பைத் துண்டித்தான்.

வார்டு வாசலில் காவலுக்கு அமர்ந்திருந்த பெரியம்மாள் அவனை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஆபீஸ் வேலையா தம்பி? பொண்டாட்டி பக்கத்துல போயி ஒக்காருங்க. மணி அடிச்சா ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டேன், சொல்லிப்புட்டேன்.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. அதுவரை நிறுவியவை அனைத்தையும் அழித்தான். கணினிக்குள் வெறுமையான புதிய இடம் ஒன்றை உண்டாக்கி, லைப்ரரியின் பழைய பதிப்பொன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் கேட்டான்.

திரையில் வரிகள் ஓடின, நின்றன, மறுபடியும் ஓடின. பிழை என்ற சொல் வரவில்லை.

மாற்று என்று கட்டளையிட்டான்.

படம் வந்தது.

வந்தது, ஆனால் புரண்டு வந்தது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று மூலக்கோப்பு சுமந்திருந்த குறிப்பு மாற்றத்தில் உதிர்ந்துபோயிருந்தது. படம் முழுவதும் கால் வட்டம் திரும்பி நின்றது. அதை நேராக்க இன்னும் ஒரு வரி எழுத வேண்டும்.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

திறந்த மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, பெரியம்மாள் நீட்டிய கையின் கீழே குனிந்து, அவன் உள்ளே ஓடினான்.

பானுப்ரியா தையல் வலிக்க, முழங்கையை ஊன்றி எழுந்தாள். அவன் கணினியை அவள் மடியில் வைத்தான்.

பச்சைத் துணியின்மேல் சின்னஞ்சிறு பெண். கண்கள் மூடியிருந்தன. மூக்கு பானுப்ரியாவின் மூக்கேதான்.

“படம் சாஞ்சு வந்துருக்கு,” என்றான் அவன். “இரு, திருப்பித் தரேன்.” விசைகளின்மேல் விரல்களை வைத்தான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்பாதீங்க.”

அவள் விரல் திரையில், நெற்றியிலிருந்து பாதம் வரை, மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது.

“நிக்கிறா, பாருங்க.”

விடிகாலையில் பூலாம்பாடி ஓடைக்கரையில், குழிக்குள் மகளைக் கிடத்திய கைகளை அறிவரசன் விசைகளின்மேலிருந்து எடுத்துக்கொண்டான்.