எதிர்பார்த்த விடை நான்கு

எங்கள் மென்பொருளின் கையேட்டை எழுதுவது என் வேலை. அதிலுள்ள உதாரண நிரல்களைத் தினமும் காலையில் கணினியே ஓட்டிப் பார்க்கும். கையேட்டில் உள்ள விடையே வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முதல் உதாரணத்துக்கு எங்கள் வீட்டையே வைத்திருந்தேன்: அப்பா, அம்மா, தம்பி, நான். எண்ணினால் நான்கு. இத்தனை வருடமும் பச்சைதான்.

இன்று சிவப்பு. எதிர்பார்த்தது நான்கு, வந்தது மூன்று. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதில் நான்கு பேரும் அப்படியேதான் இருந்தார்கள்.

"இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதம்மா. கையேட்டுல மூணுன்னு மாத்திடு, பச்சையாயிடும்" என்றார் டீம் லீடர். நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். மாற்றினேன். பச்சையானது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன.

"தம்பி சாப்பிடலையா?"

"உனக்கு ஏதுடி தம்பி?" என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

மடிக்கணினியைத் திறந்து மறுபடி நான்கு என்று மாற்றி ஓட்டினேன். சிவப்பு.

கை கழுவக் குளியலறைக்குப் போனேன். குவளையில் நான்கு பிரஷ்கள் இருந்தன. தம்பியுடையது மட்டும் ஈரமாக இருந்தது.